பெயர்ப் பலகைக்குப் படம் கொடுக்கும் முன்...

கடைப் பெயரை மரத்திலும் அக்ரிலிக்கிலும் இயந்திரத்தால் செதுக்கிக் கொடுக்கும் தொழில் இன்று சிறு நகரங்கள் வரை வந்துவிட்டது. முன்பு ஓவியர் வருவார். சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு தூரிகையால் எழுதுவார். எழுத்தில் ஐயம் வந்தால் நம்மையே அழைத்துக் கேட்பார். இன்று நம் படத்தை வாங்கிக் கணினியில் ஏற்றி, 'டிரேஸ்' என்னும் பொத்தானை அழுத்துகிறார்கள். கணினிக்குத் தமிழும் தெரியாது, நம் கடையும் தெரியாது. படத்தில் கறுப்பு எங்கே, வெள்ளை எங்கே என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

ஃபிளெக்ஸ் பேனரில் பிழை வந்தால் மறுபடி அச்சடித்துக்கொள்ளலாம். செதுக்கிய தேக்குப் பலகையில் பிழை வந்தால் பலகையும் போயிற்று, கூலியும் போயிற்று. ஆகவே, நம் வணிகர்கள் கணினியில் உட்கார்ந்து வரைந்தாலும் வரையாவிட்டாலும், இந்த வேலை எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் நாம் கண் வைக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

படம் வேறு, கோடு வேறு

கைபேசியில் எடுத்த புகைப்படம் சிறு சிறு சதுரங்களால் ஆனது. அவற்றைப் பிக்சல் என்கிறோம். பெரிதாக்கினால் சதுரங்களும் பெரிதாகும். ஓரம் படிக்கட்டுப் போலத் தெரியும். செதுக்கும் இயந்திரத்தின் கத்திக்கு இந்தச் சதுரங்கள் பயன்படா. 'இங்கிருந்து கிளம்பு, இப்படி வளை, அங்கே நில்' என்று அதற்குப் பாதை சொல்ல வேண்டும். அந்தப் பாதைதான் வெக்டர் எனப்படும் கோட்டு வரைவு. இதை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கெடாது.

கோடு திரும்பும் இடங்களில் கணுக்கள் இருக்கும். தொழிலில் நோடு என்பார்கள். ஒவ்வொரு நோடிலிருந்தும் நீளும் கைப்பிடியை இழுத்தால் வளைவு மாறும். இந்த வளைவுக்குப் பெசியே வளைவு என்று பெயர். 1960களில் பிரான்சின் ரெனோ நிறுவனத்தில் கார் உடலை வரைவதற்குப் பியர் பெசியே என்ற பொறியாளர் பயன்படுத்திப் பரப்பிய முறை இது.

டிரேஸ் என்பது, பிக்சல் படத்தைப் பார்த்துக் கணினியே இந்தக் கோடுகளைப் போட்டுக்கொள்வது. 2001இல் பீட்டர் செலிங்கர் என்பவர் வெளியிட்ட போட்ரேஸ் என்னும் இலவச நிரல் இவ்வேலைக்குப் பெயர் பெற்றது. 2003இல் தொடங்கிய இங்க்ஸ்கேப் என்னும் இலவச வரைகலை மென்பொருளில் அது அடங்கியிருக்கிறது. கோரல் டிராவிலும், வீகார்வ் போன்ற செதுக்கு மென்பொருள்களிலும் இவ்வசதி உண்டு.

கொடுக்கும் படம் எப்படி இருக்க வேண்டும்

விசிட்டிங் கார்டில் 20 மி.மீ. அகலத்தில் நம் கடைக் குறி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 300 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்தால் குறுக்கே சுமார் 236 பிக்சல் கிடைக்கும். அதை 600 மி.மீ. பலகைக்குப் பெரிதாக்கினால் ஒவ்வொரு பிக்சலும் இரண்டரை மி.மீ. ஆகிவிடும். கோடு கோணலாக வராமல் வேறெப்படி வரும்? அதே அட்டையை 1200 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் 945 பிக்சல் கிடைக்கும். பலகையில் ஒரு பிக்சல் சுமார் 0.6 மி.மீ. தான்.

ஆகவே இருப்பதிலேயே பெரிய, தெளிவான மூலத்தைத் தேடிக் கொடுக்க வேண்டும். பழைய பில் புத்தகம் அடித்த அச்சகத்தில் மூல வரைவு இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும். எழுத்தின் ஓரத்தில் அழுக்குப் படிந்தாற்போல் கறை வரும். அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்ப வேண்டும். பழைய போர்டைப் புகைப்படம் எடுப்பதாயின், நேர் எதிரில் நின்று எடுக்க வேண்டும். கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் எழுத்தின் மேற்பகுதி குறுகிவிடும்.

புள்ளியைக் காப்பாற்றுங்கள்

டிரேஸ் செய்யும் திரையில் முக்கியமாக மூன்று அளவுகளைப் பார்க்கலாம். முதலாவது, எவ்வளவு கறுத்திருந்தால் கறுப்பு என்று கொள்வது என்பது. இதைக் கூட்டினால் எழுத்து தடிக்கும், குறைத்தால் மெலியும். இரண்டாவது, மூலைகளைக் கூராக வைப்பதா, வழவழப்பாக்குவதா என்பது. மூன்றாவது, இத்தனை பிக்சலுக்குக் குறைந்த துணுக்குகளைத் தூசி என்று நீக்கிவிடு என்பது.

தமிழுக்கு ஆபத்து இந்த மூன்றாவதில்தான் அதிகம். நம் மெய்யெழுத்தின் புள்ளி கணினியின் கண்ணுக்கு ஒரு தூசி. புள்ளியின் குறுக்களவு 5 பிக்சல் என்றால் அதன் பரப்பு சுமார் 20 பிக்சல். நீக்கும் அளவை 25 என்று வைத்தால் புள்ளிகள் அத்தனையும் போய்விடும். 'எண்ணெய் மண்டி' என்று கொடுத்தது 'எணணெய மணடி' என்று வரும். 'சர்க்கரை' 'சரககரை' ஆகும். ஓலைச்சுவடியில் புள்ளியிடாமல் எழுதினார்கள், படித்தவர்கள் பழகியவர்கள். சாலையில் வண்டியில் போகிற வாடிக்கையாளரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

அடுத்த ஆபத்து சுழிகளில். கறுப்பு அளவு கூடினால் ண, ழ, ஞ போன்ற எழுத்துகளின் உட்குழிகள் அடைபடும். 'ே' என்னும் இரட்டைக் கொம்பின் மேற்சுழி அடைபட்டால் ஒற்றைக் கொம்பாகத் தெரியும்; 'தேன்' 'தென்' ஆகிவிடும். எனவே டிரேஸ் முடிந்ததும் வரைவைப் பெரிதாக்கி, எழுத்து எழுத்தாக வாசிக்க வேண்டும். கடைப் பெயர் நமக்குப் பழகியது. சேர்த்து வாசித்தால் இல்லாத புள்ளியும் இருப்பது போலவே தோன்றும். கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வாசித்தால் பிழை தப்பாது.

எழுத்தை டிரேஸ் செய்ய வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. டிரேஸ் என்பது சின்னத்துக்கும், பழைய ஓவியர் கையெழுத்தை அப்படியே காக்க விரும்புவோருக்கும் உரியது. சாதாரண அச்செழுத்து போதும் என்றால் பெயரைப் புதிதாகத் தட்டச்சு செய்துவிடுவதே நல்லது. புள்ளியும் சுழியும் தாமே சரியாக இருக்கும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நாம் பயன்படுத்திய எழுத்துரு, செதுக்குபவரின் கணினியில் இல்லாவிட்டால் வேறு எழுத்துருவோ குழப்பக் குறிகளோ வரும். சில செதுக்கு மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் வந்து நிற்கும். இவ்விரண்டுக்கும் தீர்வு ஒன்றே: தமிழ் சரியாக வரும் மென்பொருளில் தட்டச்சு செய்து, எழுத்துகளைக் கோடுகளாக மாற்றி, அதன்பின் அனுப்ப வேண்டும். கோடாக மாறிய எழுத்து எந்தக் கணினியிலும் மாறாது.

பெயர்ப் பலகையில் தமிழ் கட்டாயம் என்பதையும், பிற மொழி சேர்த்தால் தமிழுக்கே முதன்மை தர வேண்டும் என்பதையும் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள் சொல்கின்றன. இதையும் வரைவு நிலையிலேயே பார்த்துக்கொள்வது நலம்.

சின்னத்தைக் கையால் வரைவதே மேல்

தராசுச் சின்னம் வைத்திருக்கும் கடைகள் நம்மில் பல. அதை டிரேஸ் செய்தால் இரண்டு தட்டும் ஒன்றுபோல் வராது. ஒரு தட்டு பெரிது, மறுதட்டு சிறிது என்று செதுக்கிய தராசைக் கடை வாசலில் மாட்டினால் பார்ப்பவர் என்ன நினைப்பார்?

இதற்கு வழி, படத்தை அடியில் வைத்து மங்கலாக்கி, நகராதபடி பூட்டிவிட்டு, மேலே வரைகருவிகளால் வரைவது. நேர்கோட்டுக்குக் கோட்டுக் கருவி, வட்டத்துக்கு வட்டக் கருவி, வளைவுக்குப் பெசியே கருவி. தராசில் பாதியை மட்டும் வரைந்து, கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒட்டினால் இரு தட்டும் ஒரு நூல்கூடப் பிசகாது. கருவியால் போட்ட வட்டத்துக்கு நான்கு நோடுகள் போதும். டிரேஸ் செய்த வட்டத்தில் ஐம்பதுகூட இருக்கலாம். நோடுகள் மிகுந்தால் இயந்திரம் தயங்கித் தயங்கி ஓடும், ஓரமும் சொரசொரக்கும். தேவையற்ற நோடுகளை நீக்கச் சொல்லுங்கள். கோடு எங்காவது திறந்திருந்தால் அதன் உட்பகுதியைச் செதுக்க மென்பொருளால் முடியாது. திறந்த முனைகளை இணைத்துவிட வேண்டும்.

பிட்டின் அளவும் பலகையின் கனமும்

திரையில் அழகாகத் தெரிவதெல்லாம் மரத்தில் வந்துவிடாது. 6 மி.மீ. பிட் 5 மி.மீ. இடைவெளிக்குள் நுழையாது. கூம்பு வடிவ 'வி' பிட்டுக்கு வேறு கணக்கு. கோடு அகலமாக அகலமாக அது ஆழமாக இறங்கும். 90 பாகைப் பிட், 20 மி.மீ. அகலமுள்ள எழுத்துக்கு 10 மி.மீ. ஆழம் போகும். அதே எழுத்துக்கு 60 பாகைப் பிட் சுமார் 17 மி.மீ. போகும். 12 மி.மீ. பலகையாக இருந்தால் மறுபக்கம் ஓட்டை விழும். ஆழத்துக்கு எல்லை வைக்க மென்பொருளில் வசதி உண்டு. வைத்தாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூட்டைக் குறித் தகடு

மொத்த வணிகர்கள் சாக்கில் மைபூசிக் குறிபோடும் தகட்டுக்கும் இதே வரைவுதான். ஆனால் தகட்டில் எழுத்து முழுவதும் வெட்டி எடுக்கப்படும். ம, ழ, ண ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு பிடிமானம் இல்லாமல் விழுந்துவிடும். மை பூசினால் சுழி முழுக்கக் கறுப்பாகும். ஆகவே ஒவ்வொரு சுழிக்கும் ஒன்றிரண்டு சிறு பாலங்களை வரைந்து இணைக்க வேண்டும். டிரேஸ் பொத்தான் இதைச் செய்யாது. மனிதர்தான் செய்ய வேண்டும்.

கோப்பு நம்மிடம் இருக்க வேண்டும்

பலகை வந்ததும் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். வரைவு செதுக்குபவரின் கணினியில் தங்கிவிடுகிறது. நாளை இரண்டாவது கடை திறந்தால் மறுபடி டிரேஸ், மறுபடி கூலி, வேறு மாதிரிச் சின்னம். ஒரே முதலாளிக்கு இரண்டு முகம்.

வேலை பேசும்போதே, முடிந்த வரைவை எஸ்.வி.ஜி. அல்லது டி.எக்ஸ்.எஃப். கோப்பாகத் தரவேண்டும் என்று பேசிவிட வேண்டும். ஒரு மென்பொருளில் மட்டும் திறக்கும் கோப்பை நம்பக் கூடாது. செதுக்கு வேலைக்குப் பெயர்பெற்ற ஆர்ட்கேம் மென்பொருளை 2014இல் வாங்கிய ஆட்டோடெஸ்க், 2018இல் அதை நிறுத்திவிட்டது. கார்வெகோ என்ற பெயரில் அதன் வழி தொடர்கிறது என்றாலும், பொதுவான வடிவில் ஒரு பிரதி வைத்திருந்தவருக்குக் கவலையே இல்லை.

கோப்பு மட்டும் போதாது, உரிமையும் வேண்டும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில், வரைந்தவரே முதல் உரிமையாளர் என்பது பொதுவிதி. உரிமை மாற்றம் எழுத்து மூலம் இருக்க வேண்டும். புதிதாகச் சின்னம் வரையச் சொன்னால், 'இதன் முழு உரிமையும் கடைக்கே' என்று எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்வது பின்னால் வழக்கைத் தவிர்க்கும்.

பிறர் குறியை டிரேஸ் செய்யாதீர்

பெயர்பெற்ற அரிசி மூட்டையின் குறியைப் படமெடுத்துத் தகடு வெட்டுவது இன்று அரை மணி நேர வேலை. எளிது என்பதால் அது சரியாகிவிடாது. 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 103ஆம் பிரிவு, போலிக் குறி இடுவதை மட்டுமல்ல, அதற்கான அச்சையும் தகட்டையும் செய்வதையும் வைத்திருப்பதையும் குற்றம் என்கிறது. 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. நம் குறியைப் பிறர் எடுக்காமலிருக்க நாமும் பதிவு செய்துகொள்ளலாம். ஒருமுறை பதிந்தால் 10 ஆண்டு செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். மேலே சொன்ன சுத்தமான வரைவு அதற்கும் உதவும்.

வெட்டச் சொல்லும் முன் சரிபார்க்க

1. மெய்யெழுத்துகளின் புள்ளிகளை எண்ணுங்கள். மூலத்தில் எத்தனையோ, வரைவிலும் அத்தனை இருக்க வேண்டும்.
2. சுழிகள் திறந்திருக்கின்றனவா, கொம்புகள் சரியா என்று பாருங்கள்.
3. எழுத்துகள் கோடுகளாக மாற்றப்பட்டனவா என்று கேளுங்கள்.
4. நீள அகலத்தை மி.மீ.யில் காட்டச் சொல்லுங்கள். அங்குலம், மி.மீ. மாறிப்போனால் அளவு 25.4 மடங்கு பிசகும்.
5. பிட், ஆழம், பலகைக் கனம் மூன்றையும் ஒப்பிடுங்கள்.
6. முடிந்தால் வரைவை முழு அளவில் தாளில் அச்சிட்டு, கடை வாசலில் ஒட்டி, சாலைக்கு எதிர்ப்புறம் நின்று பாருங்கள்.
7. தாளில் கையொப்பமிட்டுக் கொடுத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள்.

சரக்கு வாங்கும்போது மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பார்க்காமல் நாம் பணம் எண்ணுவதில்லை. கடைப் பெயரும் நம் சரக்குதான். அதையும் பார்த்து வாங்குவோம்.