பழைய ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் கணக்கை எடுப்பது எப்படி?



முள்ளுக்குறிச்சி போன்ற கொல்லிமலை அடிவார ஊரிலும், மலையிலிருந்து இறங்கும் மிளகுக்கும் காபிக்கும் கம்ப்யூட்டரில் பில் போடுகிறவர்கள் நம்மில் பலர். அந்தக் கம்ப்யூட்டர் ஒருநாள் கிளம்பாமல் போனால், கணக்கும் போயிற்று என்று காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறோம். பல சமயம் கெட்டிருப்பது பவர் சப்ளை அல்லது மதர்போர்டு. கணக்கு இருக்கும் ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருக்கும். அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்தால் கணக்கை எடுத்துவிடலாம்.

ஜிஎஸ்டி சட்டம் 36-ஆவது பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். உதாரணமாக, 2019-20 ஆண்டுக்குக் கடைசி நாள் 31.3.2021, எனவே அந்தக் கணக்கு 31.3.2027 வரை இருக்க வேண்டும். மேல்முறையீடு நடந்தால் அது முடிந்து ஓராண்டு வரை. இரண்டில் எது பிந்தியதோ அதுவரை. சில்லறைக் கடைக்காரர்களிடம் நிற்கும் பழைய பாக்கியும் அதே டிஸ்க்கில்தான் கிடக்கிறது. அதற்கு எந்தச் சட்டம் கேட்க வேண்டும்?

முதலில் டிஸ்க்கின் பின்புறத்தைப் பாருங்கள். இரண்டு வரிசையாக ஊசி ஊசியாக இருந்தால் அது ஐடிஇ. பட்டையான அகலக் கேபிள் போடுவது. ஊசி வெளியே தெரியாமல், ‘எல்’ வடிவத்தில் இரண்டு சிறு வாய் இருந்தால் சாட்டா. 2003-க்குப் பிறகு இதுவே மெல்ல மெல்லப் பரவியது.

சாட்டா என்றால் கஷ்டமில்லை. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, உள்ளே இரண்டாவது டிஸ்க்காக மாட்டலாம். கை வைக்குமுன் கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் டிஸ்க்கின் போர்டைக் கெடுக்கும்.

ஐடிஇ-க்குப் புதிய மதர்போர்டில் இடமே கிடையாது. இரண்டு வகைக்கும் பொருந்தும் யுஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்குங்கள். அதனுடன் தனி பவர் அடாப்டர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கவேண்டும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை. யுஎஸ்பி தருவது 5 வோல்ட்தான். அடாப்டர் இல்லாத மலிவுச் சரக்கை வாங்கிவிட்டு டிஸ்க்கைக் குறை சொல்வதில் பயனில்லை. ஐடிஇ டிஸ்க்கில் ஜம்பர் என்ற சின்ன மூடி இருக்கும். அதை மாஸ்டர் என்ற இடத்தில் வையுங்கள். எந்த இடம் என்பது டிஸ்க்கின் லேபிளிலேயே அச்சாகியிருக்கும். கேபிளை அழுத்தித் திணித்தால் ஊசி வளைந்துவிடும், ஜாக்கிரதை.

கரண்ட் கொடுத்ததும் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றும். தகட்டுக்கும் படிக்கும் முனைக்கும் இடைவெளி தலைமுடி கனம்கூட இல்லை. ஆகவே சுற்றும்போது அசைக்காதீர்கள். ‘டிக் டிக்’ என்று விட்டுவிட்டுத் தட்டும் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தால் முனை தகட்டைச் சுரண்டிவிடும். மூடியைத் திறந்து பார்ப்பதும் கூடாது. ஒரு தூசி போதும். டேட்டா மீட்கும் தொழில் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை: ‘டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால் ‘கேன்சல்’ அழுத்துங்கள். கடைப் பையன் அவசரத்தில் ‘ஓகே’ தட்டி, அத்தனை வருடக் கணக்கையும் அழித்த கடை எங்கள் பக்கத்தில் உண்டு.

டிஸ்க் திறந்ததும் எதையும் அதிலேயே திருத்த வேண்டாம். டேலி என்றால் அதன் ‘டேட்டா’ ஃபோல்டரில் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் இருக்கும். எண் ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. மொத்தமாகப் புதிய டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். டேலி 7.2 காலத்துக் கணக்கு இன்றைய டேலி பிரைமில் நேராகத் திறக்காது. மாற்றித் தரும் புரோகிராம் உண்டு, உங்கள் டேலி டீலரிடம் கேளுங்கள். ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பழைய பில்லிங் புரோகிராம் என்றால் ‘டிபிஎஃப்’ என்று முடியும் ஃபைல்கள் இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அவற்றைத் திறக்கும். பாக்கி விவரத்தைப் பார்க்க அது போதும்.

நகல் இரண்டு எடுத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். பழைய டிஸ்க்கை அட்டைப்பெட்டியில், ஈரம் படாத இடத்தில், வருடத்தை மேலே எழுதி எடுத்து வைக்கலாம்.