பழைய மரத்தினால் நத்தார் நட்சத்திரம் செய்தல்

மன்னார் மாவட்டத்திற் கட்டுக்கரைக் குளத்தின் கீழ் நெல் விதைக்கும் கமக்காரருட் கத்தோலிக்கர் பலர். பெரும்போகப் பயிர் வயலில் நிற்கும் மார்கழி மாதத்திலேயே நத்தார்ப் பண்டிகையும் வருகின்றது. கடதாசி நட்சத்திரம் மாரி மழைக்கு நில்லாது. மரத்தாற் செய்தது பல ஆண்டுகளுக்கு உதவும். வளவிற் கிடக்கும் பழைய மரமே இதற்குப் போதுமாயினும், எல்லா மரமும் ஏற்றதன்று. சில மரங்களில் ஊறியுள்ள நஞ்சு, வீட்டாருக்கும் மரக்கறிப் பாத்திக்கும் கேடு விளைவிப்பதாகும்.

மரந் தெரிதல்

1. ஓலைக்கூரை மாற்றும்போது கழற்றிய பனஞ்சிலாகை, உடைந்த வண்டிச் சட்டம், வர்ணம் பூசாத பெட்டிப் பலகை ஆகியன ஏற்றவை. பனையின் சிராய் கூரியது. கையுறை அணிந்தே அதனைச் சீவுதல் வேண்டும்.

2. பிறநாட்டுச் சரக்குடன் வரும் பலகைத் தட்டுகளில் முத்திரை இடப்பட்டிருக்கும். அதில் ஆங்கிலத்தில் ‘எச்.ரி.’ என்னும் எழுத்துக்கள் இருப்பின், அம்மரம் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டதாகும், அதனைப் பயன்படுத்தலாம். ‘எம்.பி.’ என்றிருப்பின், மெதைல் புரோமைட்டு வாயுவூட்டப்பட்டது, அதனை விலக்குக.

3. பச்சை நிறம் ஊறிய கம்பங்கள் செம்பு, குரோமியம், ஆசனிக்கு ஆகியன சேர்ந்த மருந்து ஏற்றப்பட்டனவாக இருக்கலாம். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். இவையும், பீடைநாசினி சிந்திய பலகையும் ஆகா.

4. சிறு துளைகளிலிருந்து மாப்போன்ற தூள் உதிரும் மரத்தில் வண்டு உயிருடன் இருத்தல் கூடும். அதனை வீட்டினுட் கொண்டுவரின் ஏனைய மரங்களுக்கும் பரவும்.

செய்யும் முறை

பழைய ஆணிகளைக் களைந்து, மரத்தை மழை படாத இடத்திற் காற்றாட உலர்த்துக. பின்னர் 28 அங்குல நீளமும் 1 அங்குல அகலமும் கால் அங்குலத் தடிப்புமுள்ள சட்டங்கள் ஐந்து அறுத்துக்கொள்க.

ஒவ்வொரு சட்டத்திலும் இரு முனைகளிலிருந்தும் 1 அங்குலம் உள்ளே துளையிடுக. துளைக்குத் துளை 26 அங்குலம் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு துளையிலிருந்தும் 10 அங்குலத்தில் ஓர் அடையாளம் இடுக.

சட்டங்களை முனைக்கு முனை கம்பியாற் சங்கிலி போல் இணைத்து, நிலத்தில் நட்சத்திர வடிவாக வளைத்து, கடைசி முனையை முதல் முனையுடன் பொருத்துக. சட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் ஐந்து. ஐந்திலும் அடையாளங்கள் ஒன்றன்மேலொன்று பொருந்தினால் நட்சத்திரம் கோணலின்றி அமையும். அவ்விடங்களையும் கம்பியால் இறுகக் கட்டுக.

எஞ்சிய சட்டங்களைக் கொண்டு பாலன் குடிலும் அமைக்கலாம். கூரைக்கு வைக்கோல் வேய்ந்தால், மெழுகுதிரியோ எண்ணெய் விளக்கோ அதனருகில் வைத்தலாகாது.

வெட்டுத் துண்டுகளும் சாம்பலும்

தூய மரத்தின் சாம்பலிற் பொட்டாசு உண்டு. அதனை மரக்கறிப் பாத்திக்கு அளவாக இடலாம். மருந்தேற்றிய மரத்தையும் வர்ணம் பூசிய மரத்தையும் அடுப்பில் எரித்தல் ஒருபோதும் ஆகாது. புகை நஞ்சாகும். சாம்பலில் எஞ்சும் ஆசனிக்கும் ஈயமும் உக்கி அழியா. மண்ணிலே தங்கி, கீரையிலும் கிழங்கிலும் ஏறி, உண்போர் உடலைச் சேரும். அத்தகைய மரத்தின் தூளைக் கூட்டெருவிலும் சேர்த்தலாகாது. எந்த மரமென்று ஐயம் எழுந்தால், அதனை அறுக்காமலும் எரிக்காமலும் விடுதலே தக்கது.