கறிவேப்பிலை: பெயரும் மணமும்

செலண்டார் வட்டாரத் தோட்டங்களில் இதைக் 'கருவப்பிலை' என்போம். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு எனக்கு இது 'டாவுன் காரி' ஆகிவிட்டது. சென்ற விடுமுறையில் தங்கைக்கு மீன்கறிக் குறிப்பு எழுதித் தரும்போது, 'கருவேப்பிலை'யா 'கறிவேப்பிலை'யா என்று பேனா நின்றுவிட்டது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவனுக்கு இது வெட்கந்தான்.

கறிவேப்பிலை என்பதே சரி. கறிக்கு இடும், வேம்பைப் போன்ற இலை. தோற்றம்தான் வேம்பு, குடும்பமோ எலுமிச்சையினுடையது. பெரும்பாணாற்றுப்படையில் இதன் பெயர் 'கஞ்சகம்'. மாதுளையின் பசுங்காயை வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப்பொடியும் கஞ்சக இலையும் கலந்த உணவொன்றை உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். அங்கே 'கறி' என்ற சொல்லுக்கு மிளகு என்று பொருள். மிளகாய் நம் நாட்டுக்கு வராத காலம் அது!

தாவரவியல் பெயரிலுள்ள 'கோனிகி', தரங்கம்பாடியில் பணியாற்றிய கோனிக் என்ற அறிஞரைக் குறிக்கும். அவர் 1779-இல் நம் மலாக்காவுக்கும் வந்திருக்கிறார்.

இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிறு புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். இதன் தனி மணத்துக்குக் கந்தகம் கலந்த ஒரு சேர்மமே முதற்காரணம் என்று ஜெர்மானிய ஆய்வு ஒன்று 2015-இல் கண்டறிந்தது. காய்ந்த இலையில் அம்மணம் பெரிதும் போய்விடும். ஆகவே பொட்டலத்தில் விற்கும் காய்ந்த இலையை நான் வாங்கமாட்டேன்.

மணம் எண்ணெயில் கரைவது. அதனால்தான் அம்மா கடுகு வெடித்ததும் தீயைக் குறைத்து, ஈரம் துடைத்த இலையைப் போடுவார். ஈரமிருந்தால் எண்ணெய் கைமேல் தெறிக்கும். மலாய்க்காரர் மீன்கறிக்கு 'ஹல்பா சம்போர்' என்னும் வெந்தயக் கலவையோடு தாளிக்கின்றனர். சீன உணவகங்களில் வெண்ணெய் இறாலில் இதைப் பொரித்துப் போடுகின்றனர். காரியம் முடிந்ததும் ஒதுக்கப்படுபவரைக் 'கறிவேப்பிலை' என்கிறோம். ஒதுக்குவது சக்கையைத்தான், சாறு ஏற்கெனவே குழம்பில் இறங்கிவிட்டது. துவையலிலோ இலை முழுவதுமே வயிற்றுக்குள் போகிறது.

லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு மாறியபோது, வேரிலிருந்து கிளம்பிய கன்று ஒன்றை அப்பா பிடுங்கி வந்தார். வேர் அறுந்திருந்ததால் பட்டுப்போனது. மறுமுறை போனபோது லயத்தை இடித்திருந்தார்கள்; மரமும் இல்லை, அடிக்கட்டை மட்டும். அதைச் சுற்றி முளைத்திருந்த கன்றுகளில் ஒன்றைத் தாய்வேரின் துண்டோடும் மண்ணோடும் தோண்டி எடுத்து வந்தார். இன்று தங்கை அதில்தான் பறிக்கிறாள்.

குறிப்பில் வல்லின 'றி' போட்டுக் கொடுத்தேன். அவள் வாயில் இன்னும் கருவப்பிலைதான்.