திறந்த ஜீப்புக்குப் புதுக் கூரையா? இவற்றைக் கவனியுங்கள்!

நெய்வேலியில் கடும் வெயில், சுரங்கத் தூசி, கடலூர்ப் பக்கத்துப் புயல்மழை மூன்றையும் வண்டிக்கூரை தாங்க வேண்டும். தார், ஜிப்ஸி, பழைய மகிந்திரா ஜீப் வைத்திருப்பவர்கள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே கூரையைத் தைத்துவிடுங்கள்.

● முதலில் கம்பிச் சட்டத்தைச் சரிபாருங்கள். வளைவை நிமிர்த்தி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்த பிறகே அளவெடுக்க வேண்டும்.

● பழைய கூரையை வைத்து வெட்டச் சொல்லாதீர்கள். அது இழுபட்டோ சுருங்கியோ இருக்கும். வண்டிமேல் மலிவான துணியை விரித்து மாதிரி எடுப்பதே சரி.

● வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூலையே கேளுங்கள். பருத்தி நூல் சீக்கிரம் இற்றுவிடும். தையல் மடிப்பு, தண்ணீர் வழியும் திசையைப் பார்த்து இருக்கட்டும்.

● ரெக்சின் கூரை வெயிலில் இளகும். எனவே பகலில் மாட்டுங்கள். கண்ணாடிச் சட்டத்தின் நடுவில் தொடங்கி, இரு பக்கமும் சமமாக இழுத்துப் பொருத்துங்கள். பட்டன்களைக் கடைசியில் அடியுங்கள்.

● வாளித் தண்ணீர் ஊற்றி ஒழுகலைச் சோதித்த பிறகே கூலியை முழுதாகக் கொடுங்கள்.

● பிளாஸ்டிக் ஜன்னலை உலர்ந்த துணியால் துடைத்தால் தூசி கீறிவிடும். முதலில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டாம்.

● ஈரக் கூரையை மடித்து வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

● இரும்புக் கூரையைக் கழற்றித் துணிக்கூரைக்கு மாறுவதென்றால், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.