வீதியே அரங்கு

ஒரு நகரத்தின் செல்வத்தை அறிய விரும்புவோர் அதன் கடைவீதிக்குச் செல்வர். அதன் ஆற்றலை அறிய விரும்புவோர் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் காண்பர். அதன் உள்ளத்தை அறிய விரும்புவோரோ, அந்நகர மக்கள் தமக்கு ஓய்வு கிடைத்த நாளில் எதைப் பாடுகின்றனர், எதை உடுத்துகின்றனர் என்று காணுதல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், லூயிசியானா மாநிலத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரம் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். அங்கே நல்லிசை கேட்க மண்டபம் தேட வேண்டுவதில்லை. நல்லுடை காண மாளிகை தேட வேண்டுவதில்லை. வீதியே அரங்கு, அதில் நடந்து செல்லும் எளிய மக்களே கலைஞர்.

மிசிசிப்பி என்னும் பேராறு கடலை அடைவதற்குமுன் பிறைபோல வளைந்தோடும் இடத்தில் இந்நகரம் அமைந்துள்ளது. அதனால் இதனைப் ‘பிறை நகர்’ என்றும் வழங்குவர். 1718ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் இதனை நிறுவினர். பின்னர்ச் சிலகாலம் ஸ்பானியர் ஆண்டனர். 1803ஆம் ஆண்டில் அமெரிக்கா இதனைப் பிரான்சிடமிருந்து விலைக்கு வாங்கிற்று. நகரின் பல பகுதிகள் கடல் மட்டத்தினும் தாழ்ந்தவை. உயர்ந்த கரைகளே ஆற்று நீரும் ஏரி நீரும் ஊருக்குள் புகாவண்ணம் காத்து நிற்கின்றன.

பல நாட்டு மக்கள் தத்தம் விருப்பத்தால் இந்நகரில் வந்து குடியேறினர். ஆயினும், இந்நகருக்கு அழியாப் புகழ் தேடித் தந்தவர் விருப்பத்தால் வந்தவரல்லர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர். ஞாயிற்றுக்கிழமை ஒன்றே அவர்கள் சிறிது மூச்சுவிடும் நாள். அன்று அவர்கள் ஊரின் எல்லையில் இருந்த ஒரு திடலில் கூடுவர். அடிமைகள் ஞாயிறன்று மட்டும், நகரத் தலைவர் குறிக்கும் இடத்தில் மட்டுமே கூடி ஆடலாம் என்று 1817ஆம் ஆண்டில் விதி செய்யப்பட்டது. அவ்வாறு அமைந்த திடலே இன்று ‘காங்கோ சதுக்கம்’ எனப்படுகிறது. அந்நாட்டின் பிற பகுதிகள் பலவற்றில் அடிமைகள் முரசு கொட்டுவதே தடுக்கப்பட்டிருந்த காலத்தில், இத்திடலில் ஆப்பிரிக்க முரசம் அதிர்ந்தது. தாய்நாட்டையும், குலப்பெயரையும், மொழியையும் இழந்தவர்கள் தாளத்தை மட்டும் இழக்கவில்லை.

1865ஆம் ஆண்டில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் வறுமையும் சிறுமையும் ஒழிந்தபாடில்லை. நோயுற்றால் மருந்துக்கு வழியில்லை. இறந்தால் அடக்கம் செய்யப் பொருளில்லை. இந்நிலையில், பிறர் கையை எதிர்பாராது, கறுப்பின மக்கள் தாமே சங்கங்கள் அமைத்துக்கொண்டனர். உறுப்பினர் தவறாமல் ஒரு சிறு தொகை செலுத்துவர். அவருள் ஒருவர் நோயுற்றால் சங்கம் மருத்துவரை அனுப்பும். இறந்தால் சிறப்புற அடக்கம் செய்யும். உதவியும் உவகையும் நல்குவனவாகிய இச்சங்கங்களே அந்நகரின் வீதி இசைக்கு வேராக நின்றன.

சங்கத்தவர் ஒருவர் இறந்தால் பாண்டு வாத்தியத்துடன் ஊர்வலம் புறப்படும். இடுகாடு நோக்கிச் செல்லுங்கால் நடை தளர்ந்திருக்கும். பக்திப் பாடல்கள் மெல்ல ஒலிக்கும். சிறு முரசின் ஓசை அடங்கி ஒலிக்கும்படி, அதன் அடியில் உள்ள நரம்புகளுக்கிடையே கைக்குட்டை ஒன்றைச் செருகிவைப்பர். அடக்கம் முடிந்து சிறிது தொலைவு வந்தபின் அக்கைக்குட்டை அகற்றப்படும். உடனே முரசு அதிரும், எக்காளம் எழும், கண்ணீருடன் வந்தவர் ஆடத் தொடங்குவர். இதனைக் காணும் புதியவர் திகைப்பர். ஆனால், உழைத்துத் தேய்ந்த ஓர் உயிர் துன்பத்தினின்றும் விடுதலை பெற்றது என்று மகிழ்வதே அம்மக்களின் கருத்தாகும்.

இச்சங்கங்களின் ஆண்டு விழாவே இன்று அந்நகரின் தனிச்சிறப்பாக விளங்குகிறது. வெளியூரிலிருந்து வருவோர் முதலில் ‘பிரெஞ்சு வட்டாரம்’ எனப்படும் பழைய நகர்ப் பகுதியையே காண்பர். அங்கே 1961ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரிசர்வேஷன் ஹால் என்னும் சிறு மண்டபத்தில் பழைய முறையில் அமைந்த ஜாஸ் இசையைக் கேட்கலாம். ஆயினும், அவ்வட்டாரத்தைக் கடந்து, டிரெமே முதலிய குடியிருப்புப் பகுதிகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் செல்வோரே நகரின் உயிர்த்துடிப்பை உணர்வர். கோடை வெப்பம் மிகுந்த வாரங்கள் நீங்கலாக, பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதேனும் ஒரு சங்கத்தின் ஊர்வலம் நடைபெறும்.

குறித்த நேரத்தில் ஒரு வீட்டின் முன்னே மக்கள் திரள்கின்றனர். தோளைச் சுற்றி வளைந்து தலைக்குமேல் வாய் விரிந்த டியூபா என்னும் பெருங்குழல் முழங்குகிறது. டிரம்பெட்டும் டிராம்போனும் அதற்கு விடை கூறுகின்றன. கதவு திறக்கிறது. சங்கத்தின் உறுப்பினர் ஒருவர்பின் ஒருவராக ஆடிக்கொண்டே வெளிவருகின்றனர். தொப்பி முதல் காலணி வரை அனைவர்க்கும் ஒத்த நிறம். தோளின் குறுக்கே அணிசெய்த பட்டுப் பட்டை. கையிலே இறகு விசிறி. அவ்வாண்டின் நிறம் இன்னதென்பதை அந்நொடிவரை மறைத்து வைத்திருப்பர். அரசர்போலத் தோன்றும் அவர்கள் யாவர்? நேற்று வரையில் கட்டட வேலை செய்தவர், உணவு விடுதியில் சமைத்தவர், வண்டி ஓட்டியவர். மறுநாள் மீண்டும் அவ்வேலைக்கே செல்ல வேண்டியவர். இவ்வொரு நாளைக்காக ஆண்டு முழுதும் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வைத்தனர். ஏனைய நாள்களில் தம்மை ஏறெடுத்தும் பாராத உலகம் இன்று நின்று பார்க்கட்டும் என்பதே அவ்வுடையின் பொருள்.

சங்கத்தாரும் பாண்டு வாத்தியக்காரரும் செல்லும் முன்னணியை ‘முதல் வரிசை’ என்பர். அவர்களைப் பின்பற்றி ஆடிச் செல்லும் பொதுமக்களை ‘இரண்டாம் வரிசை’ என்பர். நம் நாட்டுத் திருவிழாக்களில் நாகசுரமும் தவிலும் முன்செல்ல மக்கள் பின்தொடர்வதைக் கண்டவர்க்கு இக்காட்சி எளிதில் விளங்கும். ஆயினும், அங்கே பின்செல்வோரும் கலைஞரே. குடையைச் சுழற்றுவோரும், கைக்குட்டையை வீசுவோரும், புட்டியைத் தட்டித் தாளமிடுவோரும் உளர். முதியவர் காலடி வைக்கும் முறையைப் பார்த்துச் சிறுவர் கற்பர். இவ்வூர்வலம் முழுவதற்கும் இந்த இரண்டாம் வரிசையின் பெயரே வழங்குகிறது என்றால், அதன் சிறப்பை என்னென்பது!

அவ்வரிசையில் ஓடித் திரிந்த சிறுவருள் ஒருவர் உலகப் புகழ் பெற்றார். அவரே லூயி ஆம்ஸ்ட்ராங். 1901ஆம் ஆண்டில் மிக வறிய குடும்பத்தில் அவர் பிறந்தார். பாண்டு வாத்தியம் ஒலித்தால் அதன்பின்னே செல்வது அவர் வழக்கம். 1912ஆம் ஆண்டின் இறுதி இரவில் வீதியில் துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்ட குற்றத்திற்காகச் சிறுவர் சீர்திருத்த இல்லத்திற்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்த பாண்டு வாத்தியக் குழுவில் கார்னெட் என்னும் ஊதுகருவியை முறையாகப் பயின்றார். 1922ஆம் ஆண்டில் சிக்காகோ சென்று, பின்னர் உலகெங்கும் ஜாஸ் இசையைப் பரப்பினார். 1971ஆம் ஆண்டில் அவர் மறையும்போது அவர் பெயரை அறியாத நாடு அரிது. அம்மேதைக்கு முதற்பள்ளியாக இருந்தது நியூ ஆர்லியன்ஸ் நகரின் வீதியே.

அந்நகரின் உடைக்கலை முழு அழகுடன் விளங்கும் நாள் வேறொன்றும் உண்டு. கிறித்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய செவ்வாய்க்கிழமையை ‘மார்டி கிரா’ என்னும் பெருவிழாவாகக் கொண்டாடுவர். செல்வர் நடத்திய ஊர்வலங்களில் கறுப்பின மக்களுக்கு இடம் இல்லாதிருந்த காலத்தில், அவர்கள் தம் குடியிருப்புகளிலேயே தனி விழாக் கண்டனர். அமெரிக்கப் பழங்குடி மக்களின் கோலத்தை ஒத்த இறகு முடியும் மணியாடையும் புனைந்து, முரசொலிக்குப் பாடிக்கொண்டு வீதியில் வந்தனர். தப்பியோடிய அடிமைகளுக்கு அப்பழங்குடியினர் புகலளித்தனர் என்றும், அந்நன்றியை மறவாமைக்கு இக்கோலம் அறிகுறி என்றும் அவர்கள் கூறுவர்.

இவ்வுடை கடையில் வாங்கப்படுவதன்று. உடுத்துபவரும் அவர்தம் குடும்பத்தாரும் ஆண்டு முழுதும் இரவுதோறும் அமர்ந்து, பாசிமணிகளையும் இறகுகளையும் ஒவ்வொன்றாகத் தைக்க வேண்டும். ஊசி பலகால் விரலைக் குத்தும். முற்றுப்பெற்ற உடை சில வேளைகளில் 45 கிலோவுக்கு மேலும் எடையுள்ளதாய் இருக்கும். அடுத்த ஆண்டுக்கு அடுத்த உடை. அதற்குப் புதிய நிறம், புதிய வடிவம். பாசிமணியும் ஊசியும் கொண்டு அவர்கள் எழுதும் ஓவியத்தைக் கண்டு தேர்ந்த கலைஞரும் வியப்பர்.

முற்காலத்தில் இக்குழுக்கள் வீதியில் எதிர்ப்பட்டால் சில வேளைகளில் கத்திச் சண்டை நிகழ்வதுண்டு. அந்நிலையை மாற்றியவருள் தலைசிறந்தவர் அல்லிசன் மொன்டானா. 1922ஆம் ஆண்டில் பிறந்த அவர் கட்டடத் தொழிலாளி. ஒரு குழுவின் பெருந்தலைவர். அரை நூற்றாண்டுக்கு மேல் தம் கையாலேயே உடை தைத்து அணிந்தார். ‘கத்தியால் வெல்வதைவிட ஊசியால் வெல்வதே வெற்றி’ என்பது அவர் வாழ்ந்து காட்டிய நெறி. எவர் உடை அழகியது என்பதே பின்னர்ப் போட்டியாயிற்று.

2005ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19ஆம் நாள், புனித சூசையப்பர் திருநாள் இரவில், இக்குழுவினர் மரபுப்படி வீதியில் கூடினர். காவல் துறையினர் அவர்களைக் கடுமையாகக் கலைத்தனர். இதுபற்றி ஆராய, அவ்வாண்டு சூன் 27ஆம் நாள் நகர மன்றம் கூடியது. எண்பத்திரண்டு வயதான மொன்டானா எழுந்து, தம் மக்கள் நெடுங்காலமாகப் பட்ட துன்பத்தை எடுத்துரைத்தார். பேசிக்கொண்டிருக்கையிலேயே சாய்ந்தார், உயிர் நீத்தார். கூடியிருந்தோர் தம் மரபுப் பாடலைப் பாடி அவருக்கு விடை கொடுத்தனர்.

அத்துயர் ஆறுவதற்கு முன்னரே மற்றொரு பெருந்துயர் வந்தது. ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் ‘காட்ரினா’ என்னும் பெரும்புயல் தாக்கியது. கரைகள் உடைந்தன, நகரின் ஐந்தில் நான்கு பகுதி நீரில் மூழ்கியது. மக்கள் தொலைவில் உள்ள ஊர்களுக்குச் சிதறினர். இசைக்கருவிகளும், ஆண்டுக்கணக்கில் தைத்த உடைகளும் சேற்றில் புதைந்தன. வீடில்லாத ஊரில் விழா எதற்கு என்று பலர் எண்ணினர். ஆனால், 2006ஆம் ஆண்டு சனவரித் திங்களிலேயே பல சங்கத்தார் ஒன்றுகூடி ஊர்வலம் நடத்தினர். வெளியூரில் தங்கியிருந்தோர் அதற்காகவே திரும்பி வந்தனர். பின்னர் ஊர்வலத்திற்குரிய கட்டணம் பெரிதும் உயர்த்தப்பட்டபோது சங்கத்தார் நீதிமன்றத்தை நாடினர்; 2007ஆம் ஆண்டில் கட்டணம் குறைந்தது. ஊர்வலம் இல்லையேல் தம் ஊர் தம்முடையதாகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இக்கலை அழியாதிருப்பதற்குக் காரணம் யாது? அது கைமாறிக் கைமாறி வருவதே. 1970ஆம் ஆண்டளவில் பாண்டு வாத்தியக்காரர் பலர் முதுமையுற்றனர். இளைஞர் அப்பக்கம் திரும்பவில்லை. அப்போது டானி பார்க்கர் என்னும் முதிய இசைவாணர், தம் பகுதியில் இருந்த ஒரு தேவாலயத்தின் துணையுடன் சிறுவர்களைத் திரட்டிப் பயிற்சியளித்தார். அவரிடம் பயின்றவர் வழியே புதிய குழுக்கள் தோன்றின. இறந்துபடும் நிலையில் இருந்த இசை இளமை பெற்று எழுந்தது. ஒருவர் மனம் வைத்துக் கற்பித்தால் ஒரு மரபே பிழைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

டிரெமேயை ஒட்டி கிளெய்போர்ன் என்னும் அகன்ற சாலை உள்ளது. ஒருகாலத்தில் அங்கே ஓக் மரங்கள் வரிசையாய் நின்று நிழல் தந்தன. மார்டி கிரா நாளில் மக்கள் அந்நிழலில் கூடினர். 1966ஆம் ஆண்டில் அம்மரங்கள் வெட்டப்பட்டன. அவ்விடத்தில் உயர்மட்ட நெடுஞ்சாலை ஒன்று எழுந்தது. நிழல் போயிற்று, மக்கள் போகவில்லை. அந்நெடுஞ்சாலையைத் தாங்கும் தூண்களில் ஓக் மரங்களை ஓவியமாகத் தீட்டினர். ஊர்வலம் அதன் அடியில் செல்லுங்கால், எக்காள ஒலி மேல்தளத்தில் மோதி இருமடங்காகத் திரும்பும். அவ்வோசைக்காகவே ஆடுவோர் அங்கே சற்று நின்று ஆடுவர்.

விலையுயர்ந்த ஆடை ஒருவர்க்கு மதிப்பைத் தந்துவிடாது; பெரிய அரங்கம் இசைக்கு உயிரைத் தந்துவிடாது. உழைத்துச் சேர்த்த பொருளில், தம் கையால் தைத்த உடையை அணிந்து, தம் தெருவாரோடு சேர்ந்து பாடிய அம்மக்கள் இவ்விரண்டையும் தாமே படைத்துக்கொண்டனர். நம் ஊர்களிலும் வீதியில் ஒலிக்கும் இசை உண்டு. அதனை வாசிக்கும் எளிய கலைஞரும் உளர். அவ்வொலி கேட்கும்போது கடந்து போகாமல், சற்று நின்று கேட்பதும், இயலுமாயின் அவரிடம் சென்று கற்பதும் நம் கடமையாகும்.