ஆடி நீங்கிய கேமரா

உரைநடை உலகம்

நுழையும்முன்

திருமண மேடையில் தாலி கட்டும் நொடி ஒருமுறையே வரும். கெட்டிமேளம் முழங்க, அட்சதை பறக்க, உறவினர் கூட்டம் மேடையை நெருக்க, அந்நொடியைப் படமாக்க வேண்டியவர் தம் கருவியைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டு நிற்க இயலாது. பல்லாண்டுகள் ஒரே வகைக் கேமராவில் பழகிய கை, புதிய வகைக்கு மாறும்போது எவற்றை மறக்க வேண்டும்? எவற்றைப் புதிதாய்க் கற்க வேண்டும்? சேமித்த பணத்தை எந்த லென்ஸுக்குச் செலவிடுவது தகும்? இவ்வினாக்களுக்கு இயற்பியலும் கைப்பழக்கமும் சேர்ந்து தரும் விடைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆடி செய்த வேலை

எஸ்.எல்.ஆர். எனப்படும் கேமராவின் உள்ளே, லென்ஸுக்குப் பின்னால் ஓர் ஆடி 45 பாகைச் சாய்வில் நிற்கிறது. லென்ஸ் வழியே நுழையும் ஒளியை அது மேல்நோக்கித் திருப்புகிறது. மேலே உள்ள தேய்த்த கண்ணாடித் தகட்டில் பிம்பம் விழ, ஐங்கோணப் பட்டகம் அதனை நேராக்கிக் கண்ணுக்கு அளிக்கிறது. பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே எழுகிறது. ஷட்டர் எனப்படும் மூடுதிரை திறக்கிறது. ஒளி படச்சுருளிலோ உணரியிலோ படுகிறது. மூடுதிரை மூடியபின் ஆடி மீண்டும் கீழே விழுகிறது. அந்தக் கேமராக்களின் அடையாளமாகிவிட்ட ‘டக்’ என்னும் ஓசையில் பெரும்பங்கு ஆடியினுடையதே. ஆடி மேலெழுந்திருக்கும் கணத்தில் பார்வைச் சாளரம் இருண்டுவிடும். எனவே, தாம் எடுத்த நொடியை மட்டும் ஒளிப்படக் கலைஞர் தம் கண்ணால் பார்ப்பதே இல்லை என்பது இக்கருவியின் விந்தை.

ஆடி ஏன் தேவைப்பட்டது? படச்சுருள் காலத்தில் லென்ஸ் காண்பதை அப்படியே கண்ணும் காண வேண்டுமானால் ஒளியைத் திருப்பிவிடுவது தவிர நடைமுறைக்கு உகந்த வழி வேறில்லை. 1925ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த லைகா கேமராவில் ஆடி கிடையாது. ஆனால், அதில் பார்ப்பதற்கெனத் தனிச்சாளரம் இருந்தது. லென்ஸ் ஒன்றைக் காண, கண் சற்றே விலகிய மற்றொன்றைக் கண்டது. 1959இல் வெளிவந்த நிக்கான் எஃப் போன்ற கேமராக்கள் அக்குறையைப் போக்கி, செய்தி ஒளிப்படக் கலைஞர்களின் கைக்கருவியாயின. பின்னர்ப் படச்சுருளின் இடத்தில் மின்னணு உணரி வந்தமர்ந்தது. தான் காண்பதை உணரியே ஒரு சிறு திரைக்கு அனுப்பிவிடும் என்ற நிலை வந்தபின் ஆடிக்கு வேலை இல்லை. ஆயினும், பழக்கம் அதனைப் பல ஆண்டுகள் காப்பாற்றி வைத்தது. 2008இல் பானசோனிக் நிறுவனம் லூமிக்ஸ் ஜி1 கேமராவை வெளியிட்டது. 2013இல் சோனி, பழைய படச்சுருள் கட்டத்தின் அளவே உடைய உணரியைக் கொண்ட ஏ7 கேமராவைக் கொண்டுவந்தது. 2018இல் கேனானும் நிக்கானும் அவ்வழிக்கு வந்தன. ‘மிரர்லெஸ்’ என்று கடைத்தெருவில் வழங்கும் கேமரா இதுவே.

கண் புதிதாய்க் கற்பவை

ஆடிக் கேமராவின் சாளரத்தில் தெரிவது உலகம். ஆடியில்லாக் கேமராவின் சாளரத்தில் தெரிவது படம். இவ்வேறுபாட்டைப் புரிந்துகொள்வதே முதற்பாடம். மூடுதிரையின் வேகத்தையோ ஒளித்துளையின் அளவையோ மாற்றினால், படம் எவ்வளவு வெளிச்சமாக அமையும் என்பது எடுக்கும் முன்பே சாளரத்தில் தெரிந்துவிடும். வெயிலில் நிற்கும் மாப்பிள்ளையின் வெண்பட்டு வேட்டியில் மடிப்புகள் தெரியாமல் வெளுத்துப்போகும் இடங்களைக் கோடிட்டுக் காட்டும் வசதியும் உண்டு. முன்பெல்லாம் எடுத்துப் பார்த்தபின் அறிந்த பிழையை இப்போது எடுக்குமுன்பே அறியலாம்.

ஆனால், சாளரத்தில் தெரியும் வெளிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் தவறு. அது ஒரு சிறு திரை. அதன் ஒளிர்வைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். இருண்ட மண்டபத்தில் கண்பாவை விரிந்திருக்கும்போது இருளான படமும் போதிய வெளிச்சமுடையதாகத் தோன்றும். ஆதலால், ஹிஸ்டோகிராம் எனப்படும் ஒளிப்பரவல் வரைபடத்தைப் படிக்கப் பழகுதல் வேண்டும். வரைபடம் வலப்புற ஓரத்தில் முட்டி நின்றால் வெண்மை இழக்கப்படுகிறது. இடப்புறம் குவிந்து முட்டினால் கருமையில் விவரம் மறைகிறது.

மற்றொரு சிக்கல் பிளாஷ் விளக்கைப் பயன்படுத்துவோர்க்கு வரும். கலைஞர் பிளாஷுக்கு ஏற்ப அளவுகளை வைத்தவுடன் சாளரம் கன்னங்கரேலென இருண்டுவிடும். கருவி பழுதாகிவிட்டது என எண்ணிப் பதறியவர் பலர். கேமரா, பிளாஷ் ஒளி வரப்போவதைக் கணக்கில் கொள்ளாமல், இருக்கும் ஒளியில் அமையக்கூடிய படத்தை உண்மையாகவே காட்டுகிறது, அவ்வளவே. வெளிச்ச முன்னோட்டத்தை அணைத்துவிட்டால் சாளரம் வழக்கம்போல் தெளிவாகும்.

குவியப்படுத்துதலில் கிடைத்த ஆதாயம் பெரிது. ஆடிக் கேமராவில் அப்பணியைச் செய்த உணரி கேமராவின் அடிப்பகுதியில் தனியே இருந்தது. ஆடி, உணரி, லென்ஸ் ஆகியவற்றுள் ஒன்று மயிரிழை விலகினாலும் கண்ணுக்கு மாறாகக் காதோ மூக்கோ தெளிவாக விழும். ஆடியில்லாக் கேமராவில் படத்தைப் பதியும் உணரியே குவியத்தையும் அளப்பதால் அப்பிழைக்கு இடமில்லை. முகத்தையும் கண்ணையும் கண்டறிந்து பின்தொடரும் திறனும் இதனுடன் வந்தது. எனினும், கூட்டத்தில் எவர் முகம் முதன்மையானது என்பது கருவிக்குத் தெரியாது. மணமகளின் தோழியைப் பற்றிக்கொண்டு அது விடாதிருக்கும்போது, விரலால் திரையைத் தொட்டு மணமகளைச் சுட்டிக்காட்டும் பழக்கம் கலைஞருக்கு அனிச்சையாக வர வேண்டும்.

மின்கலத்தின் கணக்கும் மாறுகிறது. கண்ணாடி வழியே பார்ப்பதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. திரை வழியே பார்ப்பதற்கு ஒவ்வொரு நொடியும் வேண்டும். ஒரே குடும்பத்து மின்கலத்தைக் கொண்டு, ஒரே வகையான தர அளவீட்டின்படி, நிக்கான் டி850 ஆடிக் கேமரா 1840 படங்களும் ஆடியில்லா இசட்7 கேமரா 330 படங்களும் எடுக்கும் எனக் குறிக்கப்பட்டன. நடைமுறையில் இவ்வெண்கள் கூடும் என்றாலும் விகிதம் உணர்த்துவது தெளிவு. முகூர்த்தத்திற்குச் செல்பவர் பையில் இரண்டு மின்கலங்கள் கூடுதலாக இருத்தல் நன்று.

மண்டப விளக்கும் ஓசையில்லா மூடுதிரையும்

ஆடி போனபின் மூடுதிரையையும் அசையாமல் வைத்து, உணரியை மின்னணு முறையிலேயே திறந்து மூட இயலும். ஓசை இராது. மந்திரம் ஒலிக்கும் வேளையிலும் இசைக்கச்சேரியின் மெல்லிய ஆலாபனையிலும் இது பெரும்வரம். ஆனால், பெரும்பாலான உணரிகள் தம் பரப்பு முழுவதையும் ஒரே கணத்தில் படிப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. அதற்குள் பொருள் நகர்ந்துவிட்டால் உருவம் கோணும். சுழலும் மின்விசிறியின் இறக்கைகள் அரிவாளைப்போல் வளைந்து விழுவது இதனால்தான்.

இதனினும் தொல்லை தருவது விளக்கு. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுகள் உடையது. அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்கு அது புலப்படாது. வரிவரியாகப் படிக்கும் உணரியோ ஒளி மிகுந்தபோது சில வரிகளையும் குறைந்தபோது சில வரிகளையும் பதிந்துவிடும். படத்தின் குறுக்கே கருங்கோடுகள் பட்டை பட்டையாய்த் தோன்றும். மூடுதிரை நேரத்தை 1/100 நொடி அல்லது 1/50 நொடி என வைத்தால் ஒவ்வொரு வரியும் முழு அலைகளைப் பெறுவதால் இப்பட்டைகள் பெரிதும் மறையும். மேடை அலங்காரத்தின் வண்ண எல்.இ.டி. விளக்குகள் வேறு வேகத்தில் துடிப்பவை. அவற்றிடம் இக்கணக்கு செல்லாது. அங்கே ஓசையைப் பொறுத்துக்கொண்டு இயங்கு மூடுதிரைக்குத் திரும்புவதே பாதுகாப்பு. 2021இல் வந்த நிக்கான் இசட்9 இயங்கு மூடுதிரையே இல்லாமல் வெளிவந்தது. அதன் உணரி மிக விரைவாகப் படிப்பதால் கோணலும் பட்டையும் மிகக் குறைவு, சாளரமும் இருள்வதில்லை. விலைதான் எல்லோர்க்கும் எட்டுவதன்று.

லென்ஸைத் தேர்தல்

கேமரா உடல் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். நல்ல லென்ஸ் அதனை வாங்கியவரின் இரண்டு மூன்று கேமராக்களுக்கு வாழ்க்கைப்படும். ஆகவே, பணத்தின் பெரும்பகுதி லென்ஸுக்கே செல்ல வேண்டும் என்பது தொழிலில் தேர்ந்தோர் கருத்து.

எந்த லென்ஸ்? குவியத்தொலைவு குறையக் குறையப் பார்வைக்கோணம் விரியும். 36 x 24 மில்லிமீட்டர் உணரியில் 24 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை ஏறத்தாழ 84 பாகையையும், 50 மி.மீ. லென்ஸ் 46 பாகையையும், 200 மி.மீ. லென்ஸ் 12 பாகையையும் காணும். இடம் குறுகிய வீட்டுக்கு 24, கூடத்தில் நடமாட 35, முகத்துக்கு 85, மேடையைத் தொலைவிலிருந்து எட்டிப் பிடிக்க 200 என்பது பொதுவழக்கு.

இங்கே பரவலான மயக்கம் ஒன்று உண்டு. அகன்ற லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கும், நீண்ட லென்ஸ் முகத்தைத் தட்டையாக்கும் என்பர். உண்மையில் அதைச் செய்வது லென்ஸ் அன்று, தொலைவு. ஒரு முழம் தூரத்தில் நின்று எடுத்தால் காதைவிட மூக்கு கேமராவுக்கு மிக நெருக்கமாகிறது, அதனால் பெரிதாகிறது. எட்டடி தள்ளி நின்றால் மூக்குக்கும் காதுக்கும் உள்ள தொலைவு வேறுபாடு பொருட்டாகாது. அகன்ற லென்ஸ் நம்மை நெருங்கத் தூண்டுகிறது. பழி அதன்மேல் விழுகிறது. தஞ்சைப் பெரியகோவில் விமானத்தின் அடியில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோடுகள் மேலே குவிந்து விமானம் பின்னால் சாய்வதுபோல் தோன்றும்; அதையே திருச்சுற்றின் தொலைகோடிக்குச் சென்று கேமராவைச் சாய்க்காமல் எடுத்தால் நிமிர்ந்து நிற்கும். எனவே, லென்ஸ் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, ‘நான் எவ்வளவு தொலைவில் நிற்க இடம் கிடைக்கும்?’ என்பதே. குழுப்படத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: 24 மி.மீ. லென்ஸின் ஓரத்தில் நிற்பவர், தொலைவு எதுவாயினும், அகலத்தில் இழுபட்டுப் பருத்துத் தெரிவார். ஓரத்தில் நிறுத்தப்படுபவர் பெரும்பாலும் மணமகனின் சித்தப்பாவாகவோ பெரியம்மாவாகவோ இருப்பர். ஆல்பம் வந்தபின் அவர்தம் முறையீடு கலைஞரையே சேரும். இரண்டடி பின்வாங்கி 35 மி.மீ. லென்ஸால் எடுப்பது நலம்.

தெரிந்து தெளிவோம்

முழுச்சட்டக உணரி 36 x 24 மி.மீ. அளவுடையது. ஏ.பி.எஸ்.-சி உணரி ஏறத்தாழ 23.5 x 15.6 மி.மீ.; மைக்ரோ ஃபோர் தர்ட்ஸ் உணரி 17.3 x 13 மி.மீ. சிறிய உணரி பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துவதால் 50 மி.மீ. லென்ஸ் அவற்றில் முறையே 75 மி.மீ., 100 மி.மீ. லென்ஸ்கள் போலக் குறுகிய காட்சியைத் தரும்.

அடுத்தது ஒளித்துளை. குவியத்தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுக்கக் கிடைப்பதே எஃப் எண். ஆதலால், எண் சிறுக்கத் துளை பெருகும். 2, 2.8, 4, 5.6 எனச் செல்லும் வரிசையில் ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகிறது. கேமராவுடன் சேர்த்து விற்கப்படும் ஜூம் லென்ஸ் பலவற்றில் நீண்ட முனையில் கிடைப்பது 5.6 மட்டுமே. விலை குறைந்த 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதனினும் ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். இருண்ட மண்டபத்தில் இவ்வேறுபாடு, அசைவில் கலங்கிய படத்துக்கும் தெளிந்த படத்துக்கும் உள்ள வேறுபாடு. உடலிலேயே அசைவு தடுக்கும் அமைப்பு உள்ளதே என்பார் உளர். அது எடுப்பவர் கைநடுக்கத்தை அடக்கும். எடுக்கப்படுபவர் தலை திருப்புவதை அடக்காது.

முதல் லென்ஸைப் பிறர் பரிந்துரையால் வாங்கினாலும் இரண்டாவதைத் தம் படங்களைக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு படக்கோப்பும் அது எடுக்கப்பட்ட குவியத்தொலைவைத் தன்னுள் பதிந்து வைத்துள்ளது. ஓராண்டுப் படங்களில் தேர்ந்தெடுத்தவற்றைப் பிரித்துப் பார்த்தால், கை எந்த அளவை நாடுகிறது என்பது தெரியும். பின்னரும் ஐயம் இருப்பின் ஒரு நிகழ்ச்சிக்கு வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம்.

பழைய லென்ஸ்களை என்ன செய்வது?

வகை மாறுவோரைப் பெரிதும் வாட்டும் கேள்வி இது. முன்பே வாங்கிய லென்ஸ்களின் மதிப்பு சிலருக்குக் கேமராவைப்போல் இரு மடங்கு. விடை ஆறுதல் தருவது. நிக்கானின் பழைய எஃப் பொருத்தியில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் உணரிக்கும் இடையே 46.5 மி.மீ. இருந்தது, ஆடி அசைய அவ்விடம் தேவை. புதிய இசட் பொருத்தியில் அது 16 மி.மீ. மட்டுமே. இடையிலுள்ள 30.5 மி.மீ. அளவுக்கு உட்கூடான ஒரு குழாயைப் பொருத்தினால் பழைய லென்ஸ் தன் பழைய தொலைவிலேயே நிற்கும். பிம்பம் சரியாக விழும். குழாயில் கண்ணாடி எதுவும் வேண்டியதில்லை. மறுதலையாக, புதிய லென்ஸைப் பழைய கேமராவில் பொருத்த இயலாது. 16 மி.மீ. தொலைவுக்கென அமைந்த லென்ஸை 46.5 மி.மீ. தள்ளி வைத்தால் மிக அண்மைப் பொருள்களைத் தவிர வேறெதையும் அது குவிக்காது.

குழாய் பொருந்தினாலும் எல்லாப் பணியும் நடந்துவிடாது. கேனானின் இ.எஃப். லென்ஸ்கள் 1987 முதலே குவியப்படுத்தும் மோட்டாரைத் தம்முள் கொண்டவை. உரிய இணைப்பியில் அவை தாமே குவியும். நிக்கானின் பழைய ஏ.எஃப்.-டி லென்ஸ்கள் கேமரா உடலில் உள்ள மோட்டாரால் சுழற்றப்பட்டவை. இசட் வரிசைக்கு நிக்கான் வெளியிட்ட எஃப்.டி.இசட். இணைப்பியில் அம்மோட்டார் இல்லை. ஆகவே அவற்றைக் கையால்தான் திருப்ப வேண்டும். கையால் திருப்புவது முன்னைப்போல் கடினமன்று. சாளரத்தில் காட்சியைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். தெளிவான விளிம்புகளை வண்ணக்கோட்டால் காட்டும் வசதியும் உண்டு. அசையாது அமர்ந்திருக்கும் பாட்டியின் முகத்துக்கு இது போதும். ஊஞ்சலில் ஆடும் மணமக்களுக்குப் போதாது. விற்பதா வைத்திருப்பதா என்பதை அந்த லென்ஸ் எவ்வகைப் படத்துக்குப் பயன்பட்டது என்பதைக்கொண்டே முடிவு செய்யலாம்.

வைத்திருப்பதாயின் பேணுதலும் உண்டு. ஆடி இல்லாமையால், லென்ஸைக் கழற்றியதும் பல கேமராக்களில் உணரி வெளிப்பட்டு நிற்கும். கேமராவை அணைத்து, வாயைத் தரைநோக்கிப் பிடித்து, மாற்ற வேண்டிய லென்ஸைக் கையில் ஆயத்தமாக வைத்துக்கொண்டு மாற்றினால் தூசி படிவது குறையும். அட்சதையும் ஓமப்புகையும் சூழ்ந்த மேடையருகே மாற்றாமல் இருப்பது இன்னும் நன்று. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் பயன்படாது கிடக்கும் லென்ஸின் உட்புறம் பூஞ்சை படரும். மூடிய தோற்பையில் அது விரைவாகவே படரும். காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு வைப்பதும், மாதத்துக்கு ஓரிருமுறை எடுத்துப் பயன்படுத்துவதும் அதைத் தடுக்கும். ஈரத்தை உறிஞ்சிய சிலிக்கா ஜெல்லை வறுத்து உலர்த்தினால் மறுபடியும் பயன்படும்.