வெளிநாடு கிளம்பும் நவி மும்பை வாஷிப் பிள்ளைகளுக்கு

துபாய், தோஹா, சிங்கப்பூர் என்று வருஷாவருஷம் இங்கிருந்து நம் பிள்ளைகள் கிளம்புகிறார்கள். ஊறுகாய் பாட்டிலை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டுகிற அக்கறையில் பாதிகூட பர்ஸில் இருக்கும் கார்டுக்குக் கிடைப்பதில்லை. வங்கி கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. வீட்டில் இருக்கும்போதே வங்கி ஆப்பைத் திறந்து கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்யுங்கள். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2020 அக்டோபர் முதல் புதுக் கார்டுகள் இந்தியாவுக்குள் வேலை செய்யும்படிதான் வருகின்றன. ஓடிபி வரும் சிம்முக்கு ரோமிங் போட்டு வையுங்கள். ரீசார்ஜும் தீரக் கூடாது.

2. துபாய் ஏடிஎம்மில் கார்டைச் செருகியதும் ஒரு திரை வரும்: இத்தனை திர்ஹத்துக்கு இத்தனை ரூபாய், சம்மதமா? ரூபாயைப் பார்த்ததும் நமக்கு ஒரு நிம்மதி. அங்கேதான் காசு போகிறது. அந்த மாற்று விலையை வைப்பது ஏடிஎம்காரர். தன் லாபத்தைச் சேர்த்துத்தான் வைப்பார். 'வேண்டாம்' என்று அழுத்துங்கள். அழுத்தினால் பணம் வராதோ என்று பலர் பயப்படுகிறார்கள். வரும், கணக்கு மட்டும் திர்ஹத்தில் ஓடும். கடையில் இன்னும் மோசம், கல்லாவில் இருப்பவரே உங்களுக்காக ரூபாயை அழுத்திவிடுவார். மெஷினை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். ரூபாயில் போட்ட பில்லுக்கும் நம்மூர் வங்கிகள் சில தனியாக ஒரு கட்டணம் பிடிக்கின்றன என்பது கூடுதல் வயிற்றெரிச்சல்.

3. கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காதீர்கள். ஒரு தடவை எடுக்க 125 ரூபாய், அந்நியச் செலாவணி மார்க்கப் 3.5 சதவீதம், இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி என்று வையுங்கள். பத்தாயிரத்தை ஒரே தடவையில் எடுத்தால் சுமார் 560 ரூபாய் போகும். அதையே இரண்டாயிரத்து ஐந்நூறாக நாலு தடவை எடுத்தால் ஆயிரத்தைத் தாண்டும். அந்த ஊர் ஏடிஎம்காரர் தன் பங்குக்குப் பிடிப்பது இதில் சேரவில்லை. உங்கள் வங்கியின் விகிதம் வேறாக இருக்கலாம், கட்டண அட்டவணையைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

4. முதல் மாதச் செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு, கைச்செலவுக்குக் கொஞ்சம் நோட்டு. வாஷி செக்டர் 17 பக்கம் இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். நோட்டுக்கு ஒரு விலை, கார்டுக்கு ஒரு விலை; இரண்டையும் கேட்க வேண்டும். ஏர்போர்ட் கவுன்ட்டர் ஆபத்துக்கு மட்டும்.

5. கிரெடிட் கார்டில் பணம் எடுக்கவே கூடாது. எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும். பொருள் வாங்கினால் கிடைக்கும் தவணை நாட்கள் இதற்குக் கிடையாது.

6. அமீரகத்தில் எமிரேட்ஸ் ஐடி கைக்கு வந்ததும் சம்பளக் கணக்கைத் திறந்துவிடுங்கள். பிறகு இந்தியக் கார்டு பெட்டிக்குள் இருக்கட்டும். சொந்த வங்கியின் ஏடிஎம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் போதும். இங்குள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள், அது சட்டம். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை.

7. அப்பாவிடம் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. முதலில் அது விதிக்குப் புறம்பு. இரண்டாவது, அவர் மார்க்கெட் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு ஏடிஎம்மில் ஐந்நூறு ஐந்நூறாக எடுப்பார். மும்பை போன்ற பெருநகரங்களில் பிற வங்கி ஏடிஎம்மில் மாதம் 3 தடவைதான் இலவசம். பேலன்ஸ் பார்ப்பதும் அதில் ஒன்று. தாண்டினால் 2025 மே முதல் தடவைக்கு 23 ரூபாய் வரை, வரி தனி. அவர் பெயரிலுள்ள கணக்குக்கே மாதம் ஒருமுறை அனுப்பிவிடுங்கள்.

8. கணக்கில் கழிந்து, கைக்குப் பணம் வராமல் போனால்? உள்நாட்டில் ஐந்து நாளுக்குள் திருப்பாவிட்டால் வங்கி நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்பது 2019-இல் வந்த விதி. வெளிநாட்டு ஏடிஎம்முக்கு அது செல்லாது. ஸ்லிப் வந்தால் பத்திரப்படுத்தி, வராவிட்டால் திரையையும் ஏடிஎம் எண்ணையும் போட்டோ எடுத்து, அன்றைக்கே கார்டு கொடுத்த வங்கிக்குப் புகார் அனுப்பி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.